சித்திரபுரத்துத் தம்பிக்கு: படத்தில் கைவைக்கும் முன்



நீ அனுப்பிய பிரிண்டுகள் வந்து சேர்ந்தன. கொழுந்து எடுக்கும் பெண்கள், மூடுபனிக்குள் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், எஸ்டேட் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. மூன்றும் நல்ல படங்கள், ஆனால் மூன்றும் மோசமாக பிரிண்ட் ஆகியிருக்கின்றன. புது பிரிண்டர் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம்.

பாட்டியின் முகம் சிவப்படித்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட போட்டோஷாப்பில் சிவப்பைக் குறைத்து, மறுபடி பிரிண்ட் போட்டு, மறுபடி குறைத்து, ஒரே படத்தைப் பல ஃபைலாகச் சேமித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். இதை இன்றோடு நிறுத்து. கோளாறு பிரிண்டரில் இருந்தால், நீ கெடுப்பது படத்தை. நாளைக்கு பிரிண்டர் சரியானதும் அந்த முகம் பச்சையாக வரும். முதலில் பிரிண்டரைப் பார், அடுத்து செட்டிங், அடுத்து திரை. படத்தில் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று உனக்கே தெரியாது.

முதலில் மைத்துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் தாளைப் போடு. ஒவ்வொரு மைக்கும் படிக்கட்டு போலக் கோடுகள் வரும். அவை அறுபடாமல் இருக்கின்றனவா என்று வெயில் வெளிச்சத்தில் பார். மஞ்சள் கோடு டியூப்லைட்டில் கண்ணுக்குத் தப்பிவிடும். சயான் அடைத்திருந்தால் படம் சிவக்கும். மெஜந்தா அடைத்திருந்தால் பச்சையடிக்கும், மஞ்சள் அடைத்திருந்தால் நீலமடிக்கும். ஆறு மை பிரிண்டரில் லைட் மெஜந்தா மட்டும் நின்றுபோனால் கன்னம், நெற்றி போன்ற வெளிர் பகுதிகள் பச்சையடிக்கும்.  உன் பாட்டி படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூக்குத்திக்குப் பக்கத்தில் தோலின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள்.  இது பெரும்பாலும் அடைப்புதான்.

அடைப்பு என்றதும் ஹெட் கிளீனிங்கை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்காதே. ஒவ்வொரு முறையும் டேங்கிலிருந்து மை வீணாகப் போகிறது, அதை உறிஞ்சும் வேஸ்ட் இங்க் பேட் நிறைகிறது. இரண்டு மூன்று முறை செய்தும் தெளியாவிட்டால் பிரிண்டரை அணைத்து, பன்னிரண்டு மணி நேரமாவது சும்மா விட்டு, பிறகு மறுபடி பார். பல நேரம் அந்த ஓய்வே போதும்.

அடைப்பு ஏன் வந்தது என்பதை உன் ஊரை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். 1940-ல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது உங்கள் பக்கத்துப் பள்ளிவாசலில். ஆனாலும் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போவது மலையில் வாடிக்கை. பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் பாதி வழியில் நின்றுவிடும், திறந்து கிடக்கும் துளைகளில் மை காயும். சுவர் சுவிட்சை நேராக அணைக்கிறவர்களுக்கும் இதே கதிதான். பிரிண்டரின் சொந்தப் பொத்தானில் அணைத்து, விளக்கு நின்ற பிறகே சுவிட்சைத் தொடு. கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் யு.பி.எஸ்.ஸிலேயே இங்க்ஜெட்டையும் மாட்டலாம், அது அதிகம் இழுக்காது. வாரம் ஒரு சின்னக் கலர் படமாவது போடு.

குளிரையும் மறக்காதே. வீட்டு இங்க்ஜெட்டுகளின் கையேடு பெரும்பாலும் 10 முதல் 35 டிகிரி வரை என்றுதான் சொல்லும். ஜனவரி விடியற்காலையில் ஆர்டர் வேலையைத் தொடங்காதே, அறை சூடேறட்டும்.

இனி செட்டிங். சிவப்படிப்பதற்கு அடைப்பு ஒரு காரணம் என்றால், நிறத்தை இரண்டு பேர் திருத்துவது இன்னொரு காரணம். போட்டோஷாப்பில் 'நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற தேர்வை வைத்துவிட்டு, பிரிண்டர் டிரைவரிலும் நிறத் திருத்தத்தை ஓடவிட்டால் ஒரே படம் இரண்டு முறை திருத்தப்பட்டு, செக்கச் சிவந்து இருண்டு வெளியே வரும். யாராவது ஒருவர் திருத்தினால் போதும். உன் தாளுக்கென்று தனி நிற புரொஃபைல் இல்லாதவரை அந்த வேலையை டிரைவரிடமே விடு. கேமராவில் கலர் ஸ்பேஸை எஸ்.ஆர்.ஜி.பி. என்றே வை.

தாளின் வகையைச் சொல்லும் கட்டம்தான் பலர் கவனிக்காத இடம். அந்த ஒரு கட்டத்தை வைத்துத்தான் எவ்வளவு மை தெளிப்பது, எந்தக் கறுப்பை எடுப்பது என்று பிரிண்டர் முடிவு செய்கிறது. சில டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மை பிக்மென்ட் வகை, மற்றவை டை வகை. பிக்மென்ட் கறுப்பு பளபளப்புத் தாளில் ஒட்டாது. அதனால் போட்டோ பேப்பர் என்று சொன்னதும் கறுப்பை விட்டுவிட்டு, மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பு செய்யும். சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தால் அந்தக் கறுப்பு தாளின் மேலேயே நின்று, விரல் பட்டதும் ஈஷிக்கொள்ளும். மூணாறிலோ அடிமாலியிலோ கிடைக்கும் தாளின் பெயர் உன் டிரைவரில் இருக்காது. ஒரே முகத்தைச் சின்னதாக வைத்து ஒவ்வொரு தேர்விலும் ஒரு பிரிண்ட் போட்டு, அடியில் பேனாவால் தேர்வின் பெயரை எழுதி சுவரில் ஒட்டு. மேட்டர் முடிந்தது. மழைக்காலத்தில் தாளை அதன் உறையிலேயே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வை. டிரைவரில் வேகமாக அடிக்கும் தேர்வை அணைத்து வை.

மூடுபனிப் படம் இருட்டாக வந்தது திரையால். இரவில் திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தினால் எல்லாப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திற. பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடி. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை திரையைக் குறை. இளங்கொழுந்தின் பச்சை திரையில் மின்னுகிற மாதிரி தாளில் மின்னாது. மையால் எட்ட முடியாத பச்சை அது. அதைத் துரத்திக்கொண்டு நிறத்தை ஏற்றினால் இலைகளின் நரம்பெல்லாம் அழிந்து ஒரே பச்சைப் பூச்சாகிவிடும்.

இனி உனக்கு அதிகம் வரப்போகிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்தால், மாலை போட ஒரு படம் வேண்டும் என்று ஓடி வருவார்கள். கையில் இருப்பது பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான். அதை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அது சுருங்கித்தான் வந்து சேரும். அதை வாங்காதே. அசல் படத்தைக் கொண்டுவரச் சொல். செல்போனில் எடுத்த படமென்றால் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல். 3.5 க்கு 4.5 செ.மீ. படத்தை ஸ்கேனரில் 1200 டி.பி.ஐ.யில் எடுத்தால் ஏறத்தாழ 1650 க்கு 2120 பிக்சல் கிடைக்கும். 8 க்கு 10 அங்குலத்துக்கு அது அங்குலத்துக்கு 200 பிக்சலுக்கு மேல் வரும். கூடத்துச் சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். ஷார்ப்னஸை ஏற்றாதே, தோலை வழவழப்பாக்காதே, கறுத்த முகத்தை வெளுப்பாக்காதே. கேட்டாலும் செய்யாதே. அந்த வீட்டுப் பிள்ளைகள் இனி அந்த முகத்தைப் பார்த்துத்தான் வளரப் போகிறார்கள்.

பிரிண்டை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு பிறகு ஃபிரேம் போடு, இல்லாவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் பனிப்படலம் படியும். வெயில் படும் சுவரும் அடுப்புப் புகையும் டை மைக்கு ஆகாது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லி அனுப்பு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளியில் போட்ட கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகள் தலைமுறைகள் தாண்டி நின்றதால்தான் அது முடிந்தது. நம்முடைய மைக்கு அந்த ஆயுளை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எனவே ஃபைல்தான் முக்கியம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். லயங்கள் புதைந்தபோது சுவரில் இருந்த படங்களும் அவற்றோடு போயின.

அதனால் கேட்கிறேன். நீ பிரிண்ட் போடும் ஒவ்வொரு முகத்தின் ஃபைலையும் சுருக்காமல் இரண்டு இடங்களில் வை, ஒன்று உன் ஊருக்கு வெளியே இருக்கட்டும். ஃபைலின் பெயரிலேயே ஆள் பெயர், எஸ்டேட், வருஷம் மூன்றையும் எழுது. வீட்டுக்காரர்களுக்கு பிரிண்டோடு ஃபைலையும் கொடு. அதற்குத் தனியாகக் காசு வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்