முடக்குவாதம்: காலந்தாழ்த்தாமல் அறிவோம்

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை; காபித் தம்ளரைப் பிடிக்கவோ சட்டைப் பொத்தானைப் போடவோ இயலவில்லை; பத்து மணிக்கு மேல்தான் கை சற்று இளகுகிறது. எங்கள் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. “வயதாகிவிட்டது, வேறென்ன?” என்று பலரும் சேர்த்துச் சொல்வதுண்டு. அவர்களுள் முப்பத்தைந்து வயதினரும் இருக்கிறார்கள்.

மூட்டுவலி எல்லாம் ஒன்றல்ல. மூட்டுத் தேய்மானத்தின் வலி நடந்தால் கூடும்; ஓய்வில் குறையும். சரவாங்கி என்றும் வழங்கப்படும் முடக்குவாதத்திலோ ஓய்வுக்குப் பின்னரே இறுக்கம் மிகும். காலை இறுக்கம் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் நீடிப்பதும், இரு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்குவதும் இதன் முக்கிய அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

என்ன நிகழ்கிறது?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், இலக்குத் தவறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரிக்கப்பட்ட எலும்பு பழைய வடிவுக்குத் திரும்புவது அரிது. ஆகவேதான் முதல் சில மாதங்களிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்கிறோம்.

முடக்குவாதக் காரணி எனப்படும் இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று கூறிவிட இயலாது. நோயுள்ளோரில் ஐவரில் ஒருவருக்கேனும் அது இயல்பாகவே இருக்கும்.

உறவுடைய நோய்கள்

கன்னங்களில் சிவந்த படை, வெயிலில் அது மிகுதல், வாய்ப்புண் ஆகியவற்றுடன் மூட்டுவலி இருந்தால் லூபஸ் நோயை ஐயுறுவோம். அது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். கண்ணும் வாயும் வறண்டால் ஷோகிரன் நோயையும், தோல் இறுகிக் குளிரில் விரல்கள் வெளிறி நீலமானால் ஸ்கிளிரோடெர்மாவையும் கருதுவோம். இவை இணைப்புத் திசு நோய்கள்.

மருந்தில் கவனம்

வலி மாத்திரை வலியைக் குறைக்கும், அரிப்பைத் தடுக்காது. தடுக்கும் மருந்துகளுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். இதன் பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். “இது புற்றுநோய் மருந்தாமே!” என்று அஞ்சி நிறுத்திவிடுவோர் உண்டு. புற்றுநோய்க்குத் தரும் அளவு மிகப் பெரிது. மூட்டுக்குத் தருவது அதில் சிறு பகுதியே.

ஆனால் ஒன்றை மறவாதீர்: இம்மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து நேரும். அந்தக் கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டு, மருந்தை எடுத்துத் தரும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர் ஏற்பது நல்லது. தவறி அதிகமாக உண்டுவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஃபோலிக் அமில மாத்திரையையும், குறித்த நாளில் இரத்தப் பரிசோதனையையும் விடாதீர்கள். கருத்தரிக்க விரும்புவோர் முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். கருவுற்றிருக்கும்போது இம்மருந்தை உண்ணக் கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் அடுத்த வேளையை உண்ணுமுன் எங்களை அணுகுங்கள்.

பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் சில மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. மறுநாளே வலி மறைந்தால் மகிழாமல் ஐயுறுங்கள். அத்தகையவற்றைப் பல நாள் உண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல், மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்; அதைப் படிப்படியாகக் குறைக்க உதவுவோம்.

குடும்பத்தினருக்கு

இந்நோயில் களைப்பும் ஓர் அறிகுறி. அது சோம்பல் அன்று. காலை வேலைகளைச் சற்றுப் பகிர்ந்துகொள்ளுங்கள். புகைப்பழக்கம் நோயைத் தூண்டுவதால் கைவிடச் செய்யுங்கள். வலி குறைந்தபின் மருந்தை நிறுத்த நோயாளி எண்ணினால், அதற்குமுன் ஒருமுறை இங்கே அழைத்து வாருங்கள். நோய் அடங்கியிருப்பது மருந்தால்தானா, அளவைக் குறைக்கலாமா என்பதைச் சேர்ந்தே முடிவுசெய்வோம்.