சந்தை வேனில் விளக்கு அணைந்தால்

பவானியிலிருந்து அந்தியூர், அம்மாபேட்டை, கவுந்தப்பாடி என்று சந்தைதோறும் வேனில் சரக்கு ஏற்றிச் செல்லும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவும் குதிரைச் சந்தையும் கூடினால், சில நாட்களுக்கு வண்டியே கடை, வண்டியே வீடு. முன்பு பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று இருந்தால் போதும். இன்று மின்னணுத் தராசு, பில் போடும் கருவி, செல்போன், சிறு குளிர்பெட்டி ஆகிய அனைத்தும் மின்சாரத்தை நம்பியே நிற்கின்றன. இருட்டும் நேரத்தில் விளக்கு அணைந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

காவிரியில் ஊராட்சிக்கோட்டைக் கதவணையில் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரம் கடையில் நின்றுபோனால் மின்வாரியத்துக்குப் புகார் சொல்லலாம். வேனில் மின்வாரியம் நாமேதான். ஆகவே பழுது எங்கே என்று கண்டறியும் முறையை வணிகர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பேட்டரியில் தொடங்கி விளக்கு வரை வரிசையாகப் பார்த்து வருவதே அந்த முறை.

வண்டியில் இரண்டு மின்சாரம்

பேட்டரியிலிருந்து வருவது 12 வோல்ட். சிறு விளக்குகள், 12 வோல்ட் மின்விசிறி முதலியவை இதில் நேராக ஓடும். இன்வெர்ட்டர் இதை 230 வோல்ட்டாக மாற்றித் தரும். குளிர்பெட்டியும் பில் கருவியும் பெரும்பாலும் அதில் ஓடுகின்றன. ஆக, மின்சாரம் நின்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எது நின்றது, எது ஓடுகிறது?

1. எல்லாமே நின்றிருந்தால் பேட்டரி, அதன் கிளிப்புகள், மெயின் பியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.
2. 12 வோல்ட் விளக்கு எரிந்து, 230 வோல்ட் மட்டும் இல்லையென்றால் இன்வெர்ட்டரையும் அதற்குச் செல்லும் கம்பியையும் பாருங்கள்.
3. ஒரே ஒரு பொருள் மட்டும் ஓடவில்லையென்றால் அந்தப் பொருள், அதன் பிளக், அதன் தனி பியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் புதுப் பேட்டரி வாங்கிப் போட்ட பிறகு, பழுது பத்து ரூபாய் பியூஸில் இருந்தது தெரியவந்தால் நட்டம் நமக்குத்தான்.

பேட்டரியின் நாடி

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வண்டிக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் சும்மா விட்ட தண்ணீர் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். 12லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்; பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். 15ஐத் தாண்டினால் பேட்டரி நீர் கொதித்து வற்றும்.

லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடைசி வரை 13 வோல்ட் அளவில் நின்று, உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரென வெட்டிவிடும். அப்போது எல்லா இணைப்பையும் நீக்கி, அதற்குரிய சார்ஜரில் போட்டால் பெரும்பாலும் மீண்டும் உயிர் பெறும்.

பல நேரங்களில் பேட்டரி பழுதாகியிருக்காது, கணக்குத்தான் தவறியிருக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. அதில் பாதியை எடுப்பதே பேட்டரிக்கு நல்லது. ஆகக் கைக்கு 600. விளக்கு, தராசு, விசிறி சேர்ந்து 60 வாட் என்றால் மாலை முழுதும் கவலையில்லை. இடைவிடாமல் 200 வாட் இழுக்கும் குளிர்பெட்டி என்றால், இன்வெர்ட்டரின் சேதாரமும் சேர்ந்து இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அரை மணி நேர ஓட்டத்தில் அது மறுபடி நிறையாது. வரவுக்கு மேல் செலவு என்றால் கல்லாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைக்கான பேட்டரி தனியாக இருக்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியுடன் ரிலே வழியாகவே இணைய வேண்டும். நேராகச் சேர்த்துக் கட்டிவிட்டால், விளக்கு அணையும் அதே இரவில் வண்டியும் கிளம்பாது.

கிளிப்பு, கம்பி, பியூஸ்

பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் வராவிட்டால் முதல் சந்தேகம் கிளிப்பின் மேல். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, முறுக்கி, வாசலின் தடவுங்கள். பாடியில் இணைக்கும் எர்த் கம்பியின் போல்ட்டில் துரு ஏறியிருந்தாலும் இதே தொல்லைதான்.

இன்னொரு பழுது பலரை ஏமாற்றும். விளக்கு மட்டும் போட்டால் எரிகிறது; குளிர்பெட்டியோ மிக்ஸியோ ஓட்டியதும் இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். 750 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பி அதைத் தாங்காது. சுமை ஓடும்போதே பேட்டரி முனையில் ஒருமுறை, இன்வெர்ட்டர் முனையில் ஒருமுறை அளவெடுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி கம்பி அல்லது இணைப்பு. தடித்த, நீளம் குறைந்த கம்பி போட்டால் தீர்ந்தது. பேட்டரி முனையிலேயே அளவு சடாரென விழுந்தால்தான் பேட்டரியைக் குறை சொல்லலாம்.

பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதியதைப் போடுங்கள். மறுபடியும் போனால் எங்கோ கம்பி உரசி ஷார்ட் ஆகிறது, மூன்றாவதைப் போடாதீர்கள். செம்புக் கம்பியோ வெள்ளித்தாளோ சுற்றிச் சமாளித்தால், அடுத்து எரிவது பியூஸாக இருக்காது. அட்டைப்பெட்டியும் எண்ணெய்ப் பாக்கெட்டும் நிறைந்த வண்டியாக இருக்கும்.

திருவிழாவில் வெளி மின்சாரம்

திருவிழாக் கடைகளுக்கு ஜெனரேட்டர் வைத்து இணைப்புத் தருவார்கள். பிளக்கைச் செருகும் முன் வோல்ட் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 170க்குக் கீழே இருந்தால் குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் கெடும். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் சில கடைகளுக்கு 230க்கு மிக அதிகமான அழுத்தம் பாயும். விளக்குகள் திடீரெனக் கண்ணைப் பறிக்கும்படி எரிந்தால் யோசிக்காமல் இணைப்பைத் துண்டியுங்கள்.

இன்வெர்ட்டர் மின்சாரமும் வெளி மின்சாரமும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. நடுவில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். இரு முனையிலும் பிளக் உள்ள ஒயரைப் பயன்படுத்தினால், துண்டித்த லைன் என்று நம்பிக் கைவைப்பவர் உயிருக்கே ஆபத்து. மழை ஈரத்தில் தகர வண்டி என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று அவசியம். அது விழுந்தால் எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

கைவைக்கக் கூடாதவை

230 வோல்ட் இணைப்பையும் இன்வெர்ட்டரின் உள்பாகத்தையும் எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். மாலையில் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டும் வழக்கமுள்ளவர்கள் பேட்டரிப் பெட்டிக்கு அருகில் அதைச் செய்ய வேண்டாம், பீடியும் அப்படியே. நீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆற்று நீரிலும் கேன் தண்ணீரிலும் உப்பு உண்டு.

மின்னணுத் தராசில் பேட்டரி குறைந்த அடையாளம் வந்தால் சார்ஜ் ஏற்றிய பிறகே எடை போடுங்கள். தராசைத் திறக்க வேண்டாம். முத்திரை உடைந்தால் அந்தத் தராசில் வியாபாரம் செய்ய முடியாது. எடையில் வரும் சந்தேகம் வாடிக்கையாளர் நம்பிக்கையைத் தொடும் விஷயம்.

சந்தைக்குப் புறப்படும் முன்

காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பேட்டரி அளவைக் கணக்கு நோட்டில் தேதியுடன் குறியுங்கள். கிளிப்பை அசைத்துப் பாருங்கள். 15 நாளுக்கு ஒருமுறை நீரைப் பாருங்கள். மாற்று பியூஸ், மல்டிமீட்டர், டார்ச் மூன்றும் கல்லாப் பெட்டியருகே இருக்கட்டும். நோட்டில் அளவு வாரந்தோறும் இறங்கி வந்தால், பேட்டரி சந்தையில் கைவிடும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். இருப்பை எண்ணாமல் எந்த வணிகரும் கடை நடத்துவதில்லை. பேட்டரியில் இருப்பதும் நம் இருப்புதான்.