வளரும் பிள்ளையும் வளராத காலும்

இப்பாடம் தனியே வாசிப்பதற்கு மட்டுமன்று. லயத்தில் நாலு குடும்பம் கூடும்போதோ, மாதர் சங்கக் கூட்டத்திலோ ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்காக எழுதப்பட்டது. கால் அல்லது கை இழந்த பிள்ளைகளுக்கு என்ன உதவி உண்டு, அந்த உதவி வீணாகாமல் இருக்கக் குடும்பமும் தோட்டமும் என்ன செய்யவேண்டும் என்பவற்றை இதில் படிப்போம்.

1. இது நமக்கு ஏன்?

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து பல ஆயிரம் குடும்பங்கள் வன்னிக்குப் போயின. வவுனியாவில் காந்தீயம் அமைப்பு பலரைக் குடியேற்றியது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமும் பலர் போனார்கள். கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, கமக்காரர் ஆனார்கள். பிறகு யுத்தம் அவர்களை அங்கிருந்தும் விரட்டியது. சிலர் 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் வரை போனார்கள். சிலர் தலவாக்கலை, அட்டன் பக்கத்து உறவினர் வீடுகளுக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்த மண் மிதிவெடி விதைக்கப்பட்ட மண். விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போனவர்கள் அதில் கால் இழந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். மிதிவெடி தவிர, வீதி விபத்தும் ரயில் விபத்தும் தீக்காயமும் உண்டு. பிறக்கும்போதே கை கால் குறைந்து பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. காரணம் எதுவானாலும் பிள்ளையின் தேவை ஒன்றுதான்: நடக்கவேண்டும், பாடசாலைக்குப் போகவேண்டும், மற்றப் பிள்ளைகளோடு விளையாடவேண்டும்.

2. ஜெய்ப்பூர் கால் வந்த கதை

மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு, நாற்காலியில் உட்காருபவருக்காகச் செய்யப்பட்டது. குந்தி இருக்கவும், சம்மணம் கொட்டவும், வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் அது உதவாது. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் 1968 அளவில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து இக்குறையைத் தீர்த்தார்கள். இறப்பரும் மரமும் சேர்த்து, பாதம் போன்ற நிறத்திலும் வடிவத்திலும், எல்லாப் பக்கமும் வளையும் பாதம் ஒன்றை உருவாக்கினார்கள். அதிகம் படிக்காத கைவினைஞரின் கையும் படித்த வைத்தியரின் அறிவும் ஒன்றுசேர்ந்ததால் பிறந்தது இது. 1975 இல் அங்கே தொடங்கப்பட்ட சங்கம் ஒன்று இன்றும் இக்காலை இலவசமாக வழங்கி வருகிறது. வைத்தியர் சேத்திக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது.

இலங்கையில் 1831 இல் கொழும்பில் தொடங்கிய 'ஃபிரெண்ட் இன் நீட்' சங்கம் 1985 இல் இக்காலைச் செய்யத் தொடங்கியது. 1987 இல் யாழ்ப்பாணத்திலும் வேலை ஆரம்பமானது. இன்று யாழ் ஜெய்ப்பூர் நிலையம் என்று மக்கள் சொல்வது அதைத்தான். பாதை மூடிய காலத்திலும், பொருள் தட்டுப்பாட்டிலும், ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோதும் கால் செய்யும் வேலையை அவர்கள் கைவிடவில்லை.

3. ஒரு கால் போதாது

இப்பாடத்தின் முக்கிய கருத்து இங்கேதான் இருக்கிறது. பெரியவருக்குப் பொருத்திய கால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும். பிள்ளைக்கு அப்படியல்ல. எலும்பு வளர்கிறது, எஞ்சிய கால் பருக்கிறது, மற்றக் கால் நீள்கிறது. செயற்கைக் கால் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே வளரும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலை மாற்றவோ திருத்தவோ வேண்டும் என்று சர்வதேச செஞ்சிலுவைக் குழு சொல்கிறது. பத்து வயதில் கால் இழந்த பிள்ளைக்கு வாழ்நாளில் சுமார் 25 கால்கள் தேவைப்படும் என்பதும் அவர்களுடைய கணக்கு.

இன்னொன்றும் உண்டு. எலும்பின் நடுவே வெட்டப்பட்ட காலில், பிள்ளை வளரும்போது எலும்பின் நுனி சதையையும் தோலையும் முந்திக்கொண்டு வளரலாம். நுனி கூராகித் தோலைக் குத்தும். அப்போது மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படலாம். இது யாருடைய தவறும் அல்ல, வளர்ச்சியின் இயல்பு.

முதல் கால் கிடைத்த நாளில் எல்லோரும் மகிழ்கிறோம். பிள்ளை நடப்பதைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். ஒரு வருடத்தில் கால் கட்டையாகிறது, தோல் புண்ணாகிறது, பிள்ளை அதைக் கழற்றி வைக்கிறது. கால் கட்டிலுக்குக் கீழே போகிறது, பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறது. இப்படி நின்றுவிடும் பிள்ளை கால் இல்லாததால் நிற்கவில்லை. இரண்டாவது கால் கிடைக்காததால் நிற்கிறது.

4. வீட்டில் செய்யவேண்டியவை

• எஞ்சிய காலைத் தினமும் இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். காலையில் கழுவினால் ஈரத்தோல் உரசிப் புண்ணாகும்.
• உள்ளே போடும் காலுறையைத் தினமும் மாற்றித் துவையுங்கள். நம் பகுதியில் மழை நாளில் துணி காயாது. ஆகவே மூன்று நான்கு சோடி வைத்திருங்கள்.
• காலைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அடையாளம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறையவேண்டும். மறையாவிட்டாலோ கொப்புளம் இருந்தாலோ காலைப் போடவேண்டாம், நிலையத்துக்குக் காட்டுங்கள். கூட்டுக்குள் பழந்துணி திணித்துச் சமாளிக்கவேண்டாம்.
• முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டிருந்தால், படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கியபடி இறுகினால் பிறகு கால் பொருத்துவது கடினம். தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்க விடுங்கள்.
• சேற்றில் நடந்து வந்தால் பாதத்தைக் கழுவித் துடைத்து வையுங்கள்.
• இல்லாத கால் வலிக்கிறது, அரிக்கிறது என்று பிள்ளை சொல்லலாம். அது பொய்யல்ல, பேய்க் கோளாறும் அல்ல. வெட்டப்பட்ட நரம்பும் மூளையும் இன்னும் பேசிக்கொள்கின்றன. அதட்டாதீர்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

5. போகும் வழி

தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்தோ அரசாங்க வைத்தியசாலையிலிருந்தோ துண்டு வாங்குங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். றாகமையில் அரசாங்கத்தின் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. தலவாக்கலையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் பாதையிலேயே றாகமை இருக்கிறது. பெயர், வெட்டப்பட்ட திகதி, கடைசியாகக் கால் மாற்றிய திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இடம்பெயரும்போது அட்டை தொலைந்துபோகும். கொப்பியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரே பையில் வையுங்கள்.

கால் இலவசமாகக் கிடைத்தாலும் பயணம் இலவசமல்ல. தாய்க்கு ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும். பல பிள்ளைகளின் நடை நிற்பது இங்கேதான். நம் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் குறைவு. சாவு வீட்டுக்கு உதவச் சேர்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாழப்போகும் பிள்ளையின் பயணத்துக்கும் அதேபோல மாதம் ஒரு சிறு தொகை சேர்க்கலாமே.

6. பாடசாலையும் சட்டமும்

வலுவிழந்தவர் என்ற காரணத்தால் ஒருவருக்குக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுப்பதை 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. பெண் பிள்ளைகளின் நிலைமையைத் தனியே சொல்லவேண்டும். "யார் கட்டுவார்கள்" என்ற கவலையில் அவர்களை வீட்டுக்குள் மறைத்து வைக்கிறோம். மறைத்து வைத்த பிள்ளைக்குக் காலும் போய், கல்வியும் போகிறது. பாதையில் ஒரு கைப்பிடி, வகுப்பறையைக் கீழ்மாடிக்கு மாற்றுவது போன்றவை பெரிய செலவில்லாத உதவிகள்.

7. வருமுன் காப்போம்

வன்னியில் விட்டு வந்த காணியைப் பார்க்கப் போகிறவர்கள் மண்டையோட்டு அடையாளப் பலகையைத் தாண்டக் கூடாது. தெரியாத இரும்பைத் தொடவோ எடுக்கவோ எரிக்கவோ கூடாது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி முழு நிலமும் துப்புரவாகவேண்டிய கெடு 2028 ஜூன் 1.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள். எலும்பு முறிவுக்குக் கட்டிய பிறகு விரல் குளிர்ந்து, நீலமாகி, உணர்வு குறைந்தால் உடனே கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் ஓடாத கால் சில மணி நேரத்தில் செத்துவிடும்.

கலந்துரையாடலுக்கு

1. நம் டிவிஷனில் கை கால் இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பாடசாலைக்குப் போகிறார்கள்?
2. அவர்களுக்குக் கடைசியாகக் கால் மாற்றியது எப்போது? தாமதமானால் காரணம் என்ன?
3. பயணச் செலவுக்கு நம் சங்கம் என்ன செய்யலாம்? யார் பொறுப்பெடுப்பது?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுதிய பிறகே கூட்டத்தை முடியுங்கள். அந்தத் திகதி வரும்போது பிள்ளை இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கும்.