புத்தாண்டும் நூல் நோன்பும்

ஆண்டு பிறக்குங்கால் மக்கள் பலவகை நோன்புகளை மேற்கொள்ளுவர். மாணாக்கர்க்கு உரிய நோன்பு யாது எனின், கற்றலும் கற்றதை எழுதலுமேயாம். இவ்வாண்டில் இன்னின்ன நூல்களைக் கற்பேன், இத்துணைக் கட்டுரைகள் வரைவேன் என்று குறிப்பேட்டில் நீண்டதொரு பட்டியை எழுதிவைப்போர் நம்முட் பலர். மாசி முடியுமுன் அப்பட்டி மறக்கப்படுதலும் நாம் காண்பதே. இதற்கு மனவுறுதி இன்மை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. நோன்பைத் தேர்ந்த முறையிலும் குறை உளது. நூற்பெயர்களைத் தொகுத்தல் எளிது. ஒரு நூலை முதலிலிருந்து முடிவு வரை கற்று, அதனை எழுத்தில் நிலைநிறுத்தல் அரிது. அவ்வரிய செயலே புத்தாண்டின் குறிக்கோளாதற்கு உரியது என்பதை ஈண்டு ஆராய்வாம். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் சாயர்புரமே சான்று பகரும்.

ஜார்ஜ் யூக்ளோ போப் என்பார் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், இக்காலத்துக் கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவிற் பிறந்தவர். தமிழில் அவர் முதற்பாடம் கேட்டது 1837ஆம் ஆண்டில். 1839ஆம் ஆண்டில் சென்னைக் கரையில் இறங்கியபோது அவர்க்கு அகவை 19. இதனை வாசிக்கும் மாணாக்கர் பலர்க்கும், எழுதும் எனக்கும் அஃதே அகவை. 1842ஆம் ஆண்டில் அவர் சாயர்புரம் வந்து, இங்கே கல்விக்கூடம் ஒன்றை நிறுவி, சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்த் தஞ்சை, உதகை, பெங்களூர் ஆகிய ஊர்களில் தொண்டு புரிந்து, இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியராயினார்.

இனி, அவர்தம் பெருநூல்கள் வெளிவந்த காலத்தை நோக்குக. திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886ஆம் ஆண்டிலும், நாலடியார் 1893ஆம் ஆண்டிலும், திருவாசகம் 1900ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஒவ்வொன்றிற்கும் இடையே ஏழேழு ஆண்டுகள். முதல் நூல் வெளிவந்தபோது அவர்க்கு அகவை 66. மூன்றாவதற்கு முகவுரை எழுதியது 80ஆம் பிறந்தநாளன்று. முதற்பாடம் கேட்ட நாள் தொட்டு அந்நாள் வரை 63 ஆண்டுகள் கழிந்திருந்தன. இளமையில் ஊன்றிய வித்து முதுமையிலே காய்த்தது என்னலாம்.

திருவாசக மொழிபெயர்ப்பைக் குறித்து அவர் தம் முகவுரையில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். ஒரு நாள் மாலை, பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டுடன் அவர் உலாவிக்கொண்டிருந்தார். பேச்சு தமிழ்ப் பாக்களைப் பற்றியதாயிற்று. அதனை அச்சிடல் வேண்டும் என்றார் ஜோவெட். அப்பணிக்கு நெடுங்காலம் ஆகுமே, தமக்கோ சாவாவரம் இல்லையே என்று போப்பையர் விடை பகர்ந்தார். பெரும்பணி ஒன்றைக் கையில் கொண்டிருத்தலே நெடுநாள் வாழும் வழி என்றும், அது முடியுமட்டும் அவர் உயிர் வாழ்வார் என்றும் ஜோவெட் தேற்றினார். அங்ஙனம் தேற்றியவர் 1893ஆம் ஆண்டில் மறைந்தார். போப்பையரோ பணியை முடித்து, மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1908ஆம் ஆண்டில் காலமானார்.

நம் நாட்டுப் பெரியாரிடத்தும் இவ்வுண்மையைக் காணலாம். உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தபோது, 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலியனவாகத் தாம் கற்ற நூல்கள் பலவற்றை ஐயர் எடுத்துரைப்ப, முதலியார் அவற்றின் முற்பட்ட பழைய நூல்களைப் பற்றி வினவினார். அவ்வினாவே சீவகசிந்தாமணியை ஐயர் கையிற் சேர்த்தது. பலவற்றைக் கற்றிருந்த அப்பெரியார் அவ்வொரு நூலில் ஆழ்ந்தார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. ஈண்டும் ஏழாண்டுகள்!

நம் கடற்கரை வழக்கும் இதனையே உணர்த்தும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அது நிகழ்ந்த காலத்தில், குளிப்போர் கடல் முழுவதையும் துழாவினாரல்லர். சிப்பி விளைந்த பாரைத் தேர்ந்து, அதன்மேல் தோணியை நிறுத்தி, கயிற்றிற் கட்டிய கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்கினர். மூச்சு அடங்குமளவில் அள்ளிக்கொண்டு மேலே வந்தனர். மீண்டும் அப்பாரிலேயே மூழ்கினர். நூற்கடலில் இறங்கும் மாணாக்கனுக்கும் முறை இதுவே.

நிற்க. பெரியோர்க்கு ஏழாண்டும் எழுபதாண்டும் ஆகுக. தேர்வுகளுக்கிடையே அலைவுறும் நமக்கு ஓர் ஆண்டில் இயல்வது யாது எனச் சிலர் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டிற்கு 52 வாரங்கள். திருக்குறளில் 133 அதிகாரங்கள். வாரத்திற்கு மூன்று வீதம் கற்பின் 45 வாரங்களில் முடியும். ஏழு வாரங்கள் எஞ்சும். நாலடியார் 40 அதிகாரங்களும் 400 பாக்களும் கொண்டது; வாரத்திற்கு ஓர் அதிகாரம் எனின், 40 வாரங்களில் நிறைவுறும். எஞ்சிய 12 வாரங்கள் தேர்விற்கும், நோய்க்கும், சுற்றத்தார் வீட்டு நன்மை தீமைகளுக்கும் இடமளிக்கும். இடையூறுகளுக்கு முன்னரே இடம் ஒதுக்கிய நோன்பு எளிதில் முறியாது. யான் இவ்வாண்டிற்கு மேற்கொண்டது இரண்டாவதாகிய நாலடியார் நோன்பே.

கற்றலோடு எழுதலும் இணைதல் வேண்டும். போப்பையர் குறளுக்கும் நாலடியாருக்கும் மொழிபெயர்ப்பு எழுதியதோடு அமைந்தாரல்லர். ஒவ்வொரு சொல்லும் எவ்வெப் பாட்டில் வருகின்றது என்பதைக் காட்டும் சொல்லகராதியையும் தொகுத்துச் சேர்த்தார். அதனைச் சிறிய அளவில் நாமும் பின்பற்றலாம். அருஞ்சொற்களை அகரவரிசையாகப் பிரித்த ஏட்டில், பாட்டின் எண்ணோடு குறித்து வருக. அதிகாரந்தோறும் ஒரு பாட்டைத் தேர்ந்து, உரையாசிரியர் சொற்களை மூடிவைத்துவிட்டு, தன் நடையில் ஒரு பக்கம் பொருள் எழுதுக. எழுதத் தொடங்கியவழியே, விளங்கிற்று என எண்ணியது விளங்காமை புலப்படும். அப்போது உரையை மீண்டும் நோக்கினால் அவ்வுரை மறவாது. ஆண்டின் இறுதியில் 40 பக்கங்களும் ஒரு சொல்லேடும் கையில் இருக்கும்.

எழுத்திற்கு மற்றுமொரு பயன் உண்டு. அது நம் கருத்தைப் பிறர் திருத்துதற்கு இடமாக்கும். திருவள்ளுவர் கிறிஸ்தவப் போதனையை அறிந்திருத்தல் கூடும் எனப் போப்பையர் கருதி எழுதினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அக்கொள்கையை ஏற்றிலர். ஆயினும், அவர் அதனை எழுதிவைத்தமையாலன்றோ ஆராய்தலும் மறுத்தலும் இயன்றன! அவருடைய சமயத்தைச் சார்ந்த யானும் அம்மறுப்பை நேர்மையானதென்றே கொள்ளுகின்றேன். உழைப்பிற்கு வணக்கம் செலுத்துதலும், முடிபை ஆராய்ந்து கொள்ளுதலும் மாணாக்கர்க்கு ஒருங்கே உரியன.

இந்நோன்பு கைவிடப்படின் நேரும் இழப்பு சிறிதன்று. தேர்விற்குரிய பகுதிகளைக் குறிப்புரைகளின் வாயிலாக அறிந்து பட்டம் பெறுதல் இயலும். அங்ஙனம் பட்டம் பெற்றோரே நாளை ஆசிரியர்களாவர். அவர் முழுதும் காணாத நூலை அவர்தம் மாணாக்கர் பெயரளவில் அறிவர். அம்மாணாக்கரின் மாணாக்கர்க்கு அப்பெயரும் எட்டாது. ஏட்டுச்சுவடிகளைக் கரையான் அரித்த காலம் சென்றது; அச்சிட்ட நூலைப் பிரித்துப் பாராமை அக்கரையானின் வேலையைச் செய்யும். கடல் கடந்து வந்த ஓர் இளைஞர் முற்றக் கற்ற நூலை, அந்நூலின் மொழியிலேயே பிறந்து வளர்ந்த நாம் முற்றக் கல்லாதிருத்தல் முறையாகுமோ?

ஆதலின், அன்பர்காள், பட்டிகளைச் சுருக்குவோமாக. நூல் ஒன்று, வாரத்திற்கு ஓர் அளவு, எழுதுதற்கு ஓர் ஏடு என்னும் இம்மூன்றும் போதும். ஒரு வாரம் தவறினும் எஞ்சிய வாரங்கள் ஈடுசெய்யும். அடுத்த ஆண்டுமலர் வெளிவரும்போது, எத்தனை நூல்களைத் தொட்டீர் என்று ஒருவரையொருவர் வினவாது, எந்நூலை முடித்தீர் என்று வினவுவோமாக.