லெஜர் ஓரத்து எழுத்தும் கம்பியூட்டர் இன்டெக்ஸும்

வியாபாரச் சகோதரர்களே, "கம்பியூட்டர் பழசாகிவிட்டது, புதுசு வாங்கத்தான் வேணும்" என்ற பேச்சைப் பல கடைகளில் கேட்கிறேன். ஓகஸ்ட், செப்டெம்பரில் முன்னேஸ்வரத் திருவிழா நாட்களில் எங்கள் பக்கம் சனம் நிறைந்துவிடும். ஒருவருடைய பழைய பாக்கியைத் தேட அரை நிமிடம் போனால், பின்னால் நிற்பவர் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். ஆனால் காசைக் கொட்டுமுன் ஒன்றைப் பாருங்கள். அநேகமாகப் பழுது இயந்திரத்தில் இருக்காது. இன்டெக்ஸ் போடாமல் விட்டிருப்பார்கள்.

பழைய லெஜரின் ஓரத்தில் ஏ, பி, சி என்று வெட்டியிருக்கும். ஹமீத் என்றால் எச் எழுத்தைத் திறப்போம், பக்கம் 214 என்றிருக்கும், நேரே போவோம். அது இல்லாவிட்டால் முதல் தாளிலிருந்து புரட்ட வேண்டியதுதான். இன்டெக்ஸ் இல்லாத கம்பியூட்டரும் அப்படித்தான் புரட்டுகிறது. ஒரு கடையில் நாளைக்கு 200 பில், ஒரு பில்லில் 5 சாமான், வருடத்தில் 300 நாள் என்று வையுங்கள். 4 வருடத்தில் 12 இலட்சம் வரிகள்! முதல் வருடம் வேகமாக ஓடிய மென்பொருள் நாலாம் வருடம் இழுப்பதன் இரகசியம் இதுதான்.

விபரங்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கொட் என்பவர் 1970இல் எழுதினார். விமானம் செய்யும் போயிங்கில் வேலை செய்த பேயர், மெக்ரைட் ஆகிய இருவரும் அதே காலத்தில் பி-ட்ரீ என்ற இன்டெக்ஸ் முறையைக் கண்டார்கள். வரிசைப்படுத்திய 12 இலட்சத்தைப் பாதி பாதியாகக் கழித்தாலே 21 தடவையில் ஆளைப் பிடிக்கலாம். பி-ட்ரீயில் ஒரு பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான பதிவுகள் இருப்பதால் மூன்று நான்கு பக்கத்தோடு வேலை முடிந்துவிடும்.

நமது கடைகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் கடன் கொப்பியில் எம் எழுத்துப் பக்கம்தான் தடிப்பு. பாதிப் பேர் முஹம்மத்! அதையும் ஒருவர் மொஹமட் என்பார், ஒருவர் முகம்மது என்பார். பாதிப் பேரைக் காட்டும் இன்டெக்ஸால் பயனில்லை என்று கம்பியூட்டரே அதை ஒதுக்கிவிடும். பெயரின் நடுவில் வரும் 'ஹமீத்' என்பதை மட்டும் கொடுத்துத் தேடினாலும் இன்டெக்ஸ் உதவாது; லெஜரில் முதல் எழுத்துத் தெரியாமல் தேடுவது போலத்தான். தொலைபேசி இலக்கத்தின் கடைசி நாலு எண்ணைக் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்கும் இதே கதி.

"நானா, கடைசி நாலு எண்ணைத் தனி நிரலாகப் பிரித்து அதற்கு இன்டெக்ஸ் போடுவோம்" என்றார் எங்களுக்கு மென்பொருள் செய்து தரும் தம்பி. நல்ல யோசனை. நாலு எண்ணில் 10,000 விதம் வருமே, ஒன்றிரண்டு பேர்தான் திரையில் வருவார்கள்.

ஒருவருடைய இந்த மாதப் பில்கள் வேண்டுமென்றால் வாடிக்கையாளர் எண்ணையும் திகதியையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் போடலாம். வாடிக்கையாளர் முன்னே, திகதி பின்னே. மாற்றிப் போட்டால் இந்தத் தேடலுக்கு அவ்வளவு உதவாது.

அதற்காக எல்லா நிரலுக்கும் போடச் சொல்லாதீர்கள். புது பில் எழுதும் ஒவ்வொரு தடவையும் அத்தனை இன்டெக்ஸையும் திருத்த வேண்டும். தேடல் வேகமாகி, பில் போடுவது மந்தமாகிவிடும். கடனா ரொக்கமா என்று இரண்டே விதம் உள்ள நிரலுக்குத் தனியே போடுவது பெரும்பாலும் வீண்.

மென்பொருள்காரரிடம் "எக்ஸ்ப்ளெய்ன் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எந்தத் தேடல் முழு அட்டவணையையும் புரட்டுகிறது என்பது அதில் தெரியும். இன்டெக்ஸ் சேர்ப்பது ஒரு வரிக் கட்டளை. கடை பூட்டிய பிறகு, பிரதி ஒன்று எடுத்து வைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.