கோமாரி கண்ட மாடும் கால்நடை மருத்துவமனையும்

நோயுற்ற மாட்டை மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்வது நம் வழக்கம். கோமாரிக்கு அது பொருந்தாது. வாயில் நுரையும் குளம்பிடையில் புண்ணும் கண்டால், மாட்டைத் தொழுவத்திலேயே தனியே கட்டி, மருத்துவருக்குச் செய்தி அனுப்புதல் வேண்டும். அதன் எச்சிலிலும் பாலிலும் சாணத்திலும் நோய்க்கிருமி உண்டு. நம் கையும் ஆடையும் செருப்பும் அதனைச் சுமக்கும். மருத்துவமனைக்குச் சினை ஊசிக்காக வந்து நிற்கும் அண்டை வீட்டுப் பசுவையும் அது பற்றக்கூடும்.

நல்ல மாடுகளுக்கு முதலில் தீனி வைத்துப் பால் கறந்து, நோயுற்றதை இறுதியில் கவனிப்போம். பின்னர் 10 லிட்டர் நீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்து, சாணம் நீக்கிய தரையையும் வாளியையும் செருப்பையும் கழுவுவோம். கைகளுக்குச் சோப்பிட்டு, ஆடையை மாற்றுவோம். நோயுற்ற மாட்டின் பாலைச் சங்கத்தின் பாலோடு சேர்க்கலாகாது.