நாற்றம் போனால் நஞ்சு போய்விட்டதா?

நெல் பால் பிடிக்கும் தருணத்தில் கதிர் நாவாய்ப் பூச்சி கண்டால், ஏக்கருக்கு 10 கிலோ பி.எச்.சி. 10 சதத் தூள் என்பது தஞ்சை விவசாயிகளுக்கு ஒரு காலத்தில் மனப்பாடம். பனி ஈரம் உலருமுன் துணிப்பையில் கட்டி உதறிக்கொண்டே போவார்கள். விலை மலிவு, பூச்சியும் செத்தது. 1997 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆனாலும் பழைய வீட்டுப் பரண்களில் மீந்த மூட்டை கிடக்கக்கூடும்.

பி.எச்.சி. ஒரே பொருளன்று, கலவை. இதில் பூச்சியைக் கொல்வது காமா என்னும் பகுதி மட்டுமே. அது நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான்! மீதியில் பெரும்பங்கு ஆல்பா. பீட்டா கொஞ்சமே எனினும் எளிதில் சிதையாது, கொழுப்பில் தங்கிவிடும். தூள் படிந்த வைக்கோலைத் தின்ற பசுவின் பாலிலும் வெண்ணெயிலும் வந்து சேரும். தூளின் பூசண நாற்றம் போய்விட்டதே என்று நம்பிவிடக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க 'காஸ் குரோமட்டோகிராப்' என்ற கருவி உள்ளது. வைக்கோலிலோ பாலிலோ உள்ள நஞ்சைக் கரைப்பானில் இறக்கி, சுத்தம் செய்து, ஊசி மூலம் ஒரு சொட்டைச் செலுத்துவார்கள். சூடேற்றிய மெல்லிய நீண்ட குழாயில் வாயு அதைத் தள்ளிச் செல்லும். மேய்ச்சல் மாடுகள் தத்தம் நடைக்கேற்பக் கொட்டில் சேர்வதுபோல, ஆல்பா, பீட்டா, காமா வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். குழாய் முனையில் குளோரின் கலந்த பொருளை உடனே உணரும் உறுப்பு இருக்கும். இதை 1957இல் உருவாக்கியவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 டன் அரிசியில் ஒரு கிராம் இருந்தாலும் இது காட்டிவிடும்.

டெல்டாவுக்கு வடக்கே, வெள்ளாற்றுப் பகுதி நெல் வயல்களில் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டனர். போட்ட பி.எச்.சி.யில் 99 சதத்துக்கு மேல் காற்றில் ஆவியாகிப் போயிருந்தது. காசு கொடுத்து வாங்கிய மருந்து போன இடம் அது! வடதுருவக் கடலிலும் பி.எச்.சி. காணப்பட்டிருக்கிறது.

சந்தேகமுள்ளோர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிமருந்து எச்ச ஆய்வுக்கூடத்தை விசாரிக்கலாம். மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் அனுப்பக் கூடாது. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் கணக்கைக் குழப்பும். சுத்தமான கண்ணாடிப் புட்டியே ஏற்றது. பரணில் பழைய தூள் இருந்தால் வாய்க்காலில் கொட்டாமலும், எரிக்காமலும், மாட்டுக்கு உண்ணி மருந்தாகத் தடவாமலும், கட்டியபடியே வைத்து வேளாண்மை அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும்.